நுரைக்கும் மதுவும் புத்தாண்டும்

பினாங்குத் தீவில் புத்தாண்டு ஒருமுறை மட்டும் பிறப்பதில்லை. சனவரி முதல் நாள் எல்லார்க்கும் பொது. அதன்பின் சீனர் புத்தாண்டு வரும். சித்திரை முதல் நாளில் தமிழர் புத்தாண்டு வரும். முகரம் முதல் நாள் முஸ்லிம்களின் புத்தாண்டு. இவற்றுள் சனவரிப் புத்தாண்டை நுரைக்கும் மதுவோடு வரவேற்பது மேலை நாட்டார் வழக்கம். அம்மதுவிலும் இந்நாளில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்றொரு வகை பேசப்படுகிறது. மண்ணுக்கு உகந்த மது என்பதன் பொருள் யாது? அது மனிதனுக்கும் உகந்ததாகுமா? இவ்விரு வினாக்களையும் தனித்தனியே ஆராய்தல் நன்று.

முதலில் நுரை பிறக்கும் முறையைக் காண்போம். இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சேர்ந்தால், அது சர்க்கரையை உண்டு சாராயச்சத்தையும் கரியமிலவாயுவையும் வெளிப்படுத்தும். திறந்த கலத்தில் வாயு பறந்துவிடும். பிரான்சு நாட்டு ஷாம்பெயின் மதுவிலோ, புட்டியில் அடைத்த பின்னரும் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மீண்டும் ஒருமுறை நொதிக்கச் செய்வர். போக வழியற்ற வாயு மதுவிலேயே கரைந்து நிற்கும்; மூடியைத் திறந்ததும் குமிழியாய்ப் பொங்கும். சர்க்கரை சேர்த்து மதுவை நுரைக்கச் செய்யும் வழக்கத்தைக் கிறிஸ்டபர் மெரட் என்னும் ஆங்கில அறிஞர் 1662-ஆம் ஆண்டிலேயே இலண்டன் ராயல் சங்கத்தில் எடுத்துரைத்துள்ளார்.

அடைபட்ட வாயுவின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஐந்து, ஆறு மடங்கு இருக்கும். மெல்லிய புட்டி இதனைத் தாங்காது. ஆதலின் ஷாம்பெயின் புட்டியைத் தடித்த கண்ணாடியால் செய்வர். அதன் எடை நெடுங்காலம் 900 கிராம். 2010-இல் 835 கிராமாகக் குறைத்தனர். உள்ளே இருக்கும் மதுவோ 750 மில்லி லிட்டர்தான். மதுவைக் காட்டிலும் அதனைச் சுமக்கும் கண்ணாடியே கனமானது என்பது கருதத் தக்கது. ஷாம்பெயின் வட்டாரத்தார் 2003-இல் தம் தொழில் வெளியிடும் கரிவளியின் அளவைக் கணக்கிட்டனர். புட்டியின் எடையைக் குறைத்ததும் அம்முயற்சியின் தொடர்ச்சியே.

இங்கு ஒரு மயக்கம் நேரக்கூடும். குமிழியில் உள்ள கரியமிலவாயு உலகைச் சூடாக்கும் குற்றத்துக்கு உரியதன்று. பயிர் காற்றிலிருந்து பெற்றதையே அது காற்றுக்குத் திருப்பித் தருகிறது. குற்றம் கண்ணாடி உருக்கும் உலையிலும், புட்டியைக் கடல் கடந்து கொணரும் கப்பலின் எரிபொருளிலும் உள்ளது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் முதற்பரிசு ஐரோப்பிய மதுவுக்குக் கிடைக்காது. நம் தென்னங்கள்ளுக்கே கிடைக்கும். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிய சாறு வடியும். காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்களால் அது சில மணி நேரத்திலேயே நுரைக்கத் தொடங்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீராகும். கள்ளுக்கு உலை வேண்டா, தடித்த புட்டி வேண்டா, மரமும் சாவதில்லை. நெடுநேரம் வைத்தால் புளித்துக் காடியாகிவிடுமாதலின் நெடுந்தொலைவு அனுப்பவும் இயலாது.

தமிழர்க்கு இது பழைய செய்தி. கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி எனச் சங்க நூல்கள் இதற்கும் இதனை ஒத்தவற்றுக்கும் பல பெயர் வழங்கின. ‘களிப்பு’ என்னும் சொல் மகிழ்ச்சியையும் வெறியையும் ஒருங்கே குறிக்கும். ‘மகிழ்’ என்பதற்கும் கள்ளுண்ட மயக்கம் என்னும் பொருள் உண்டு. அவ்வாறிருந்தும், வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அது குறளின் 93-ஆம் அதிகாரம்.

மண்ணுக்கு உகந்த அந்த மது மனிதனை என்ன செய்தது என்பதற்கு மலாயாத் தோட்டங்களே சான்று. அரசின் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் தோட்டங்களிலேயே நடந்தன. சம்பள நாளில் பெற்ற கூலியில் ஒரு பகுதி அன்றே கடைக்குச் சென்றது. லயத்தில் அடுப்பு எரியாத வீடுகளும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. பினாங்கை அடுத்த கெடாவில், ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் நடத்தியது. 1947-இன் தொடக்கத்தில் பீடோங் பகுதியில் காவலரோடு மோதல் மூண்டது. கூலி உயர்வு கேட்ட மக்களே கடையை மூடு என்றும் கேட்டனர் என்பது மறக்கத் தக்கதன்று.

பிற்காலத்தில் மலிவான சம்சு மது தோட்ட மக்களை வாட்டியபோது, பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதனை எதிர்த்து இயக்கம் நடத்தியது. அச்சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தி 2019-இல் மறைந்த எஸ். எம். முகமது இட்ரிஸ், சகாபாட் ஆலாம் மலேசியா என்னும் சுற்றுச்சூழல் அமைப்புக்கும் தலைவராயிருந்தார். காட்டைக் காப்பதும் குடும்பத்தைக் காப்பதும் அவருக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை.

எனவே ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்னும் முத்திரை முதல் வினாவுக்கு மட்டுமே விடையாகும். புட்டியின் எடை குறையலாம். அதனால் உள்ளிருக்கும் சாராயச்சத்து குறைந்துவிடாது. இரண்டு வினாவுக்கும் விடை தரும் பானங்கள் நம்மிடம் உள்ளன. வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம் சேர்ந்த பானகமும், நீர்மோரும், இளநீரும் அத்தகையன. பினாங்குத் தைப்பூசத்தின் தண்ணீர்ப் பந்தல்கள் வழிநடப்போர்க்குப் பானம் வழங்கும் அறத்தை இன்றும் காத்து வருகின்றன. ஆனால் அவற்றையும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளையில் ஊற்றினால், ஷாம்பெயின் புட்டியைக் குறை கூறும் தகுதி நமக்கு இராது. வரும் சித்திரை முதல் நாளில் ஒரு குடம் பானகமும் கழுவி வைத்த குவளைகளும் இருந்தால், மண்ணுக்கும் மனைக்கும் தீங்கில்லாத புத்தாண்டு அமையும்.