டிஜிட்டல் பூட்டும் பதிப்புரிமைச் சட்டமும்

கடையில் ஒரு நூலை விலை கொடுத்து வாங்குகிறோம். அதைப் படிக்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்றும் விடலாம். தேர்வுக்கு வேண்டிய பகுதியை நோட்டில் எழுதிக்கொள்வதையும் யாரும் தடுப்பதில்லை. ஆனால், நூல் முழுவதையும் அச்சடித்து விற்றால் அது குற்றம். இந்த எல்லையை வகுப்பதுதான் பதிப்புரிமைச் சட்டம். படைத்தவருக்கு ஊதியம் வேண்டும். படிப்பவருக்கு உரிமையும் வேண்டும். இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுக்கும் சட்டம் அது.

நூலும் பாட்டும் திரைப்படமும் எண்களாக மாறியபின் இந்தத் தராசு ஆடத் தொடங்கியது. ஒலிநாடாவைப் படியெடுத்தால் படிக்குப் படி தெளிவு குறையும். எண்களைப் படியெடுத்தால் ஆயிரமாவது படியும் மூலத்தைப் போலவே இருக்கும். செலவும் மிகக் குறைவு. இதைக் கண்டு அஞ்சிய வெளியீட்டாளர்கள் கையாண்ட வழியே டிஜிட்டல் பூட்டு.

பூட்டு இயங்கும் விதம்

கணிப்பொறிக்கு எல்லாச் செய்தியும் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களின் வரிசைதான். அந்த வரிசையை இன்னொரு ரகசிய எண்ணைக் கொண்டு ஒரு விதிப்படி மாற்றிவிடுவதே மறையாக்கம். ரகசிய எண்தான் சாவி. ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். செய்தி 1011, சாவி 0110 என்று கொள்வோம். நேருக்கு நேர் உள்ள இலக்கங்கள் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று எழுதினால் 1101 கிடைக்கும். இதைப் பார்ப்பவருக்கு மூலச் செய்தி விளங்காது. அதே சாவியை அதே விதிப்படி மீண்டும் இட்டால் 1011 திரும்ப வந்துவிடும். மாணவர்கள் தாளில் எழுதிச் சரிபார்க்கலாம்.

திரைப்பட டி.வி.டி. தட்டுகளுக்கு இடப்பட்ட பூட்டின் சாவி 40 இலக்கங்கள் கொண்டது. இத்தகைய சாவிகள் எத்தனை இருக்க முடியும்? 2-ஐ 40 முறை பெருக்கினால் வரும் விடை, ஏறத்தாழ 1,09,951 கோடி. மலைப்பாகத் தோன்றுகிறதல்லவா? ஆயினும், நொடிக்கு 10 லட்சம் சாவிகளை இட்டுப் பார்க்கும் கணிப்பொறிக்கு இது 13 நாள் வேலைகூட இல்லை. சாவியில் ஓர் இலக்கம் கூடினால் வேலை இரு மடங்காகும். 128 இலக்கச் சாவியாக இருந்தால், பேரண்டத்தின் வயதைப் போலக் கோடானுகோடி மடங்கு காலம் தேடினாலும் போதாது.

அப்படியானால் நீண்ட சாவி ஒன்றைப் போட்டுப் பூட்டிவிட்டால் போதாதா? போதாது. வீட்டுப் பூட்டின் சாவியைத் திருடனிடம் நாம் தருவதில்லை. ஆனால் டிஜிட்டல் பூட்டில், படம் பார்க்க வேண்டுமானால் வாங்கியவரின் கருவிக்குள்ளேயே சாவி இருந்தாக வேண்டும். யாருக்கு எதிராகப் பூட்டினார்களோ, அவர் வீட்டிலேயே சாவி இருக்கிறது! 1999இல் நார்வே நாட்டின் 15 வயது மாணவர் யோன் லெக் யோஹான்சனும் அவருடன் சேர்ந்தவர்களும் டி.வி.டி. பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டனர். அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. தாம் விலை கொடுத்து வாங்கிய தட்டைப் பார்ப்பது குற்றமாகாது என்று ஆஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரியில் அவரை விடுவித்தது.

பூட்டுக்குக் காவலாகச் சட்டம்

பூட்டு தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாது என்பதால் அதற்குச் சட்டத்தின் காவல் தேடப்பட்டது. பூட்டை உடைப்பதற்கு எதிராக நாடுகள் தகுந்த பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்று 1996இல் ஜெனீவாவில் உருவான பதிப்புரிமை உடன்படிக்கை கூறியது. எத்தகைய பாதுகாப்பு என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டது. அமெரிக்கா 1998இல் கடுமையான சட்டம் இயற்றியது.

இதில் நீண்ட விவாதம் நடந்த நாடு கனடா. 2005, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று மசோதாக்களும் நாடாளுமன்றம் கலைந்ததால் காலாவதியாயின. 2011 செப்டம்பரில் சி-11 என்னும் நான்காவது மசோதா வந்தது. இது மக்களுக்குப் பல புதிய உரிமைகளை அளித்தது. கல்விக்காகவும் நையாண்டிக்காகவும் பிறர் படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்தலாம். வாங்கிய பாட்டை வேறு கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம். காப்புப் படி எடுத்து வைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: படைப்புக்குப் பூட்டு இருந்தால் அதை உடைத்துப் படியெடுக்கக் கூடாது.

ஆசிரியர்களும் நூலகர்களும் இதை எதிர்த்தனர். சட்டம் ஒரு கையால் தரும் உரிமையை, வெளியீட்டாளர் பூட்டு ஒன்றைப் போட்டு மறு கையால் பறித்துவிடலாமே என்றனர். திருட்டு நோக்கத்துடன் பூட்டை உடைப்பது மட்டுமே குற்றமாக வேண்டும் என்று ஒட்டாவா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மைக்கேல் கீஸ்ட் வாதிட்டார். மறுபுறத்தாரின் கவலையும் பொய்யன்று. பல கோடி செலவிட்டு எடுத்த படமும் விளையாட்டு நிரலும் ஒரே இரவில் உலகெங்கும் இலவசமாகப் பரவினால், அவற்றில் உழைத்தவர்களுக்கு யார் கூலி தருவது?

எதிர்க்கட்சிகளின் திருத்தங்கள் தோற்றன. 2012 ஜூன் 29இல் மசோதா சட்டமாயிற்று. மறையாக்க ஆராய்ச்சி, புலன் குறைபாடு உடையோர் வசதி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

அதே ஜூன் மாதம் 21ஆம் நாள் இந்தியாவின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அதன் 65ஏ பிரிவு வேறு வழியில் சென்றது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கே தண்டனை. சட்டம் அனுமதிக்கும் காரியத்துக்காகத் திறப்பவருக்கு இல்லை. கனடாவில் கேட்டும் கிடைக்காதது இங்கே சட்டத்திலேயே இடம்பெற்றது.

டிராக்டருக்கும் பூட்டு

பூட்டு பாட்டோடும் படத்தோடும் நிற்கவில்லை. இன்றைய டிராக்டரிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் கணிப்பொறி நிரல் உண்டு. நிரலும் பதிப்புரிமைக்கு உட்பட்ட படைப்பே. ஆகவே தம் சொந்த டிராக்டரின் பழுதை அறிய நிரலின் பூட்டைத் திறக்கும் உழவரும் பதிப்புரிமைச் சட்டத்தின் பிடியில் சிக்கினார். பழுது பார்ப்பதற்காகத் திறக்கலாம் என்று கனடா 2024 நவம்பரில் சட்டத்தைத் திருத்தியது. எனினும், திறக்கும் கருவியைப் பிறருக்குச் செய்து விற்பதற்கு அத்திருத்தம் வழிவிடவில்லை. தாமே கருவி செய்துகொள்ள எத்தனை உழவரால் முடியும்?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பதிப்புரிமைக்கு ஆயுள் உண்டு. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளுக்குப் பின் அவர் நூல் பொதுச் சொத்தாகிவிடும். ஆனால் பூட்டுக்கு நாட்காட்டி தெரியாது; உரிமை முடிந்த பின்பும் அது பூட்டியே கிடக்கும்.

பூட்டு 0, 1 என்ற இரண்டையே அறியும். சாவியை இடுபவர் திருடரா, மாணவரா, பழுது பார்க்கும் உழவரா என்று அதனால் பிரித்தறிய முடியாது. நோக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மனிதரால்தான் முடியும். அதற்காகவே நீதிமன்றமும் சட்டமும் உள்ளன. அந்தப் பொறுப்பையும் பூட்டிடமே விட்டுவிடலாமா என்பதுதான் இந்த விவாதம் நம் முன் வைக்கும் கேள்வி.