கொழுக்கட்டை யார் வாய்க்குப் போச்சு?

காலேஜ் பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துலயும் அந்த பால்வாடியைப் பார்த்திருப்பீங்க. சுவர்ல யானை, மயில், அ, ஆ. போர்டுல 'அங்கன்வாடி மையம்'னு எழுதியிருந்தாலும் ஊர்ல அது பால்வாடிதான். மத்தியானம் சாதம், சில நாள் முட்டை. இது எல்லாருக்கும் தெரிஞ்ச மேட்டர்.

தெரியாத மேட்டர், அங்கே வராத குழந்தைகளைப் பற்றியது. உட்கார்ந்து சாப்பிடுறது ரெண்டு வயசைத் தாண்டின வாண்டுகள். ஆனா உடம்பும் மூளையும் மளமளன்னு வளர்றது அதுக்கு முன்னாடியே. அம்மா வயித்துல இருக்கறப்பவும், முதல் ரெண்டு வருஷத்துலயும். அப்போ விட்டதை அப்புறம் பிடிக்கிறது கஷ்டம். அதனாலதான் கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், ஆறு மாசம் தாண்டின குழந்தைகளுக்கும் சத்துமாவு பாக்கெட் கொடுத்தனுப்பறாங்க. 2013-ல உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்போ அதுல சொன்ன அளவு கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி, சின்னக் குழந்தைக்கு 500 கலோரி. சலுகை இல்லீங்க, உரிமை!

பாக்கெட் வீட்டு வாசலைத் தாண்டின பிறகுதான் சிக்கலே. மாமியார் மாவைப் பிசைஞ்சு கொழுக்கட்டை பிடிப்பாங்க. ஸ்கூல் விட்டு வந்த பெரிய பசங்களுக்கு ரெண்டு, தோட்டத்துல இருந்து வந்த மாமனாருக்கு ரெண்டு. மருமகளுக்குக் கடைசியா ஒண்ணு. "மாவு நல்லாத்தானுங்க டீச்சர் இருக்குது, அதுக்குள்ள தீந்துபோச்சுங்க!" யாரைக் குறை சொல்றது? பலகாரம் செஞ்சு ஒருத்தருக்கு மட்டும் கொடுக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல ஏது?

இதுக்கு ஒரு தடவை தமிழ்நாடு வித்தியாசமா யோசிச்சது. உலக வங்கிக் கடனோட 1980-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளை மாசாமாசம் எடை போடு. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு கொடு. தேறிட்டா நிறுத்து. சோறு போடுறதைவிட அம்மாவுக்கு எடை அட்டையைப் புரிய வைக்கிறதுதான் பெரிய வேலை. அந்த வேலைக்கு எடுத்தது யாரை தெரியுமா? அதே ஊர்ப் பெண்களை. அதிலும் வசதி இல்லாட்டியும் தன் பிள்ளையை நல்லா வளர்த்தவங்களுக்கு முன்னுரிமை. செம ஐடியா இல்ல? அவங்க சொன்னா பக்கத்து வீட்டுக்காரி "உங்களுக்கென்ன, காசிருக்கு"ன்னு தட்டிக் கழிக்க முடியாதே.

நம்ம கோவைக்கும் இதுல பங்கு உண்டு. ராஜம்மாள் தேவதாஸ் வழிநடத்திய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில உருவானதுதான் 'குழந்தை அமுது'. வறுத்த தானிய மாவு, பாசிப்பயறு, நிலக்கடலை, வெல்லம். அவ்வளவுதான் ரெசிப்பி. எல்லாமே கொங்கு நாட்டுச் சமையல்கட்டுல இருக்கிற சாமான்.

2021-ல இருந்து 'போஷன் டிராக்கர்' ஆப்ல எடையும் உயரமும் ஏறுது. டீச்சர் வேலையில பாதி செல்போனோடதான். ஆனா நேத்து சுட்ட கொழுக்கட்டை யார் வாய்க்குப் போச்சுன்னு ஆப்ல எங்கே இருக்கு? அதுக்கு அவங்க வெயில்ல நடந்து போய், திண்ணையில உட்கார்ந்து, மாமியார் உள்ளே போற நேரம் பார்த்துக் கேட்கணும்.

"ஏனம்மிணி, நீ எத்தனை தின்னே?"