புத்தகம் மாறினால் வாள் வீச்சும் மாறுமா?

விஷ்ராந்த்வாடியில் ஆலந்தி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. அங்கே இரண்டாவது மாடி வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு வாள் சண்டை நடக்கிறது. வாள் கிடையாது, ரத்தம் கிடையாது. பகடை உருளும் ஓசையும், தமிழும் மராத்தியும் கலந்த கூச்சலும்தான் கேட்கும்.

அடுத்த வீட்டுக்காரனான எனக்கு முதலில் இது சூதாட்டமோ என்று சந்தேகம். கதவைத் தட்டி உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் விவரம் தெரிந்தது. மேஜையைச் சுற்றி நான்கு கல்லூரிப் பையன்கள். நடுவில் பலகை கூட இல்லை. காகிதம், பென்சில், விதவிதமான பகடைகள். காசு மட்டும் ஒரு பைசா இல்லை.

அந்த ஆட்டத்தின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். நம் ஊர்க் கூத்து மாதிரிதான். ஆனால் அரிதாரம் இல்லை, வசனமும் பாடம் இல்லை. "வாளால் வெட்டுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு அவருடைய திறமைக்கான எண்ணைக் கூட்டி, எதிரியின் காப்பு எண்ணை எட்டிவிட்டால் வெட்டு விழுந்தது என்று பொருள். காயம் எவ்வளவு என்பதற்கு வேறு பகடை.

தாத்தாவின் வித்தை

அந்த வீட்டுப் பெரியவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கட்கியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் ஊரில் சிலம்பம் கற்றவர். கம்பு, இரட்டை வாள், சுருள்வாள் மூன்றும் அவருக்கு அத்துபடி. இங்கே வந்த பின் ஷிப்டு வேலையில் மகனுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாமல் போயிற்று. இப்போது முழங்கால் வலி. மாடிப்படி இறங்குவதே பெரும் பாடு.

பேரன் ஒரு காரியம் செய்தான். தாத்தாவின் வித்தையை அப்படியே தன் ஆட்டப் பாத்திரத்துக்குக் கொடுத்தான். அவன் ஆடப் பழகியது மாமா கொடுத்த பழைய புத்தகத்தில். அது 2003-ம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு. கூட்டாளிகள் இப்போது வாங்கி வைத்திருப்பதோ 2024-ல் வந்த புதிய புத்தகம். பழைய வீரனைப் புதிய விதிக்குள் கொண்டுவர வேண்டும். மூன்று ஞாயிறு இதிலேயே போயிற்று.

ரெயில்வே குமாஸ்தாவுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. விதிப் புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டி ஒட்டியே பசை டப்பா காலியாகும். ஒரு விதியை எடுத்துவிட்டார்கள் என்று நினைப்போம். தேடினால் வேறு அத்தியாயத்தில், வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். ஆகையால் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கம்புக்கு எத்தனை முனை?

முதலில் கம்பு. 2000-ம் ஆண்டுப் பதிப்பும் 2003 திருத்தமும் கம்பை 'இருமுனை ஆயுதம்' என்று வைத்திருந்தன. ஒரு முனையால் அடித்து, மறுமுனையாலும் அடிக்கலாம். அதற்குரிய பயிற்சி பெற்றவனுக்கு ஒவ்வொரு அடியிலும் இரண்டு எண் மட்டும் குறையும். சிலம்பக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 2014 பதிப்பில் அந்தச் சலுகை போய்விட்டது. கம்பு வெறும் கம்பு. ஆனால் 'நீள்கோல் வல்லமை' என்று சொல்லக்கூடிய தனிப் பயிற்சி ஒன்றை எடுத்தால், அடிமுனையால் இன்னொரு சிறு அடி உண்டு. 2024 பதிப்பிலும் அது இருக்கிறது. கூடவே கம்புக்கென்று புதிதாக ஒரு குணமும் சேர்ந்திருக்கிறது. அடி பட்டவன் தன் உடல் வலுவுக்குப் பகடை உருட்டித் தப்பாவிட்டால் தரையில் விழ வேண்டும்.

பெரியவர் சிரித்தார். "கால் வாருறதுன்னு சொல்லுலே. அதுக்கு எதுக்கு புதுப் புஸ்தகம்?"

காவல் காக்கும் வாள்

இரட்டை வாளில்தான் சண்டை வந்தது. மேஜையில் அல்ல, தாத்தாவுக்கும் பேரனுக்கும்.

புதிய புத்தகம் இரட்டை வாளுக்குத் தாராளமாகவே கொடுத்திருக்கிறது. 2014-ல் இரண்டாவது வாளை வீசினால் அந்த முறைக்கான உபரிச் செயல் அதிலேயே செலவாகிவிடும். 2024-ல் வளைந்த சிறுவாள் போன்ற சில ஆயுதங்களில் தேர்ந்தவனுக்கு, இரண்டாவது வீச்சு முதல் வீச்சோடு சேர்ந்தே நடந்துவிடும்; உபரிச் செயல் மிச்சம். பேரனுக்கு ஒரே குஷி. "தாத்தா, முன்னைவிட வேகமா வெட்டலாம்!"

பெரியவர் முகம் சுருங்கியது. "வெட்டுறதுக்கு ஒரு வாள் போதும்லே. மத்த வாள் காவலுக்கு. அது எங்கே?"

பையன் பழைய புத்தகத்தைப் புரட்டினான். இருந்தது. 2003 பதிப்பில் இரட்டை ஆயுதத்தால் தற்காத்துக்கொள்ளும் பயிற்சி ஒன்று உண்டு; காப்பு எண் ஒன்று கூடும். 2014-ல் இரு வாள் ஏந்துபவனுக்கான பயிற்சியில் அந்த ஒரு எண் ஒட்டிக்கொண்டிருந்தது. 2024-ல் அந்தப் பயிற்சியின் பெயர் அப்படியே இருக்கிறது. அந்த எண்ணைக் காணோம்.

இந்த இடத்தில் குமாஸ்தா மூளை வேலை செய்தது. "பெயரைத் தேடாதே தம்பி, வேலையைத் தேடு" என்றேன். எதிரியின் வாளைத் தடுப்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அட்டவணை முழுவதும் விரலால் தடவினோம். வேறோர் இடத்தில் அகப்பட்டது, தற்காப்பு வாள்வீரனுக்கான பயிற்சி. லாகவமாகக் கையாளும் வாள் ஒன்று கையில் இருந்தால், அடி விழும் நேரத்தில் தன் தேர்ச்சி எண்ணைக் காப்பில் கூட்டிக்கொள்ளலாம். பழைய பயிற்சியில் கிடைத்தது ஒன்று. இதில் கிடைப்பது அதைவிட அதிகம். ஆனால் வாளைக் காவலில் வைத்தால் மட்டும் போதாது, அடி வரும்போது பார்த்து ஏந்த வேண்டும். பெரியவருக்கு அதுதான் பிடித்தது.

சுருள்வாள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சாட்டையாக வைத்துக்கொள்ளலாம் என்று பையன்கள் முடிவு செய்தார்கள். 2003-ல் சாட்டை என்றால் கவசம் போட்டவன் மேல் கீறல் கூட விழாது. 2014 முதல் அது வெட்டுக்காயம் தரும். பத்தடி தூரம் எட்டும். ஏறக்குறையச் சரிதான். "வீசுறவனையே வெட்டுமே, அது எங்கே?" என்றார் பெரியவர். யாரும் பதில் சொல்லவில்லை. மராத்திப் பையன் ஒருவன் மட்டும், "ஆஜோபா, எங்கள் தாண்ட்பட்டாவுக்கும் இதில் இடமில்லை" என்றான். பெரியவர் அவனுக்கு இன்னொரு முறுக்கு கொடுத்தார்.

கால் எங்கே போயிற்று?

இத்தனைக்கும் பிறகு பெரியவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "எல்லாம் கையைப் பத்தியே எழுதியிருக்கானே, காலைப் பத்தி ஒரு வரி இருக்கா?"

சிலம்பத்தில் காலடிதான் முதல் பாடம். கம்போ வாளோ, அதன் பிறகே. ஆட்டப் புத்தகத்தில் காலுக்கு எத்தனை அடி நகரலாம் என்ற கணக்கு மட்டுமே உண்டு. இதற்குக் காரணமும் இருக்கிறது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் சண்டையின் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் சுற்றுவது, ஏய்ப்பது, பின்வாங்குவது எல்லாம் அடக்கம். பகடை சொல்வது கடைசி முடிவைத்தான். 2000-ம் ஆண்டுப் பதிப்பில் சுற்று ஆறு வினாடியாகச் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பகடை. காலடி ஒளிந்திருந்த அந்த ஒரு நிமிடம் போய்விட்டது.

நிஜ வாளுக்கும் இந்தக் கதி உண்டு. சென்னை பவானி தேவி, மூங்கில் கழியில் பழகி ஒலிம்பிக் வரை போன வாள்வீராங்கனை, நமக்குத் தெரிந்தவர்தான். அவர் ஆடும் சேபர் பிரிவில் இருவர் வாளும் பட்டால் மின்விளக்கு எரியும். ஒருவர் தொட்ட பின் மற்றவர் தொடுவதற்கு இருந்த அவகாசம், வினாடியை ஆயிரம் கூறாக்கினால் 120 கூறு. 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு அது 170 ஆயிற்று. 50 கூறு என்பது கண் இமைக்கும் நேரம் கூட இல்லை. அதற்காக உலகம் முழுவதும் வாள்வீரர்கள் தங்கள் தடுப்பையும் பாய்ச்சலையும் மறுபடி பழக வேண்டி வந்தது. சிலம்பமும் 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. போட்டிக்கு வந்துவிட்டால் அதற்கும் பதிப்பு, திருத்தம் எல்லாம் வரத்தான் செய்யும்.

காலுக்கு என்ன செய்வது? பையன்கள் யோசித்து ஒரு வழி செய்தார்கள். பகடை உருட்டுவதற்கு முன்னால், வீரன் காலை எங்கே வைத்து எப்படித் திரும்பினான் என்று வாயால் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கதை நடத்துபவர் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள அனுமதிப்பார். அப்படி அனுமதிக்க அவருக்குப் புத்தகத்திலேயே அதிகாரம் உண்டு.

சரியா தவறா என்று தீர்ப்பு சொல்வது யார்? பெரியவர்தான். பேரன் காலடியைச் சொல்வான். "இல்லலே, இடக்கால் பின்னால" என்பார். அவன் திருத்தி நோட்டில் எழுதிக்கொள்வான். பொம்மைக் கால்கள், அம்புக்குறிகள், ஓரத்தில் அவர் சொன்ன வரிசையின் பெயர். ஆட்டத்துக்காக ஆரம்பித்த நாற்பது பக்க நோட்டில் பதினொரு பக்கம் நிறைந்துவிட்டது. அவர் கற்ற வரிசைகளை இதற்கு முன் யாரும் எழுதி வைத்ததில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். அவருடைய வாத்தியாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதாம்.

போன ஞாயிறு பன்னிரண்டாம் பக்கத்தில் தகராறு. ஒரு திருப்பத்தை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பெரியவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். கூடத்தில் இடம் போதவில்லை. மொட்டை மாடிச் சாவி கீழ்வீட்டு அம்மாளிடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை அதை வாங்கி வைக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். மாடி ஏறும்போது பெரியவரைப் பிடித்துக்கொள்ள மராத்திப் பையன் வருகிறான்.