பனி மலை ஏறப் போறீங்களா? ட்ரெக் ஃபீஸ் மட்டும் பட்ஜெட் இல்லைங்க!

டிசம்பர், ஜனவரியில முதல் தடவை பனி மலை ஏற நினைக்கிறவங்க நிறைய பேர் தேர்ந்தெடுக்கிறது உத்தராகண்ட்ல இருக்கிற கேதார்கந்தா. உயரம் சுமார் 12,500 அடி. ட்ரெக் கம்பெனி போடுற ஃபீஸைப் பார்த்து, "அட, இவ்வளவுதானா?"ன்னு உடனே புக் பண்ணிடுறாங்க. அந்த ஃபீஸ் பொதுவா சாங்க்ரி கிராமத்துல ஆரம்பிச்சு சாங்க்ரியிலயே முடிஞ்சிடும். டேராடூன்ல இருந்து சாங்க்ரி கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு பகல் முழுக்க ஓடிடும். டேராடூன் போய் வர்ற செலவு, ஜாக்கெட், ஷூ எல்லாம் தனி. ஜாக்கெட்டை வாடகைக்கு எடுங்க. திரும்பி வந்து நம்ம வெயில்ல அதை எங்க போடப் போறீங்க? ஷூ மட்டும் சொந்தமா வாங்கி, முன்கூட்டியே போட்டுப் பழகிக்கோங்க.

இதுல நான் முக்கியமா பார்க்கிறது இன்சூரன்ஸ். "மலையேற்றத்துக்கு ஹெல்த் பாலிசி செல்லாது"ன்னு பொத்தாம்பொதுவா சொல்வாங்க. பாலிசியில சாகச விளையாட்டு பற்றிய விலக்கைத் தேடிப் படிங்க. ஐஆர்டிஏஐ வகுத்த வாசகம், அதில் 'தொழில்முறையாக' ஈடுபடுவதால் வரும் சிகிச்சைச் செலவைத்தான் விலக்குது. லீவு போட்டுட்டுப் போற ஐடி ஊழியர் அதுல வரமாட்டார். ஆனா அது ஆஸ்பத்திரி பில்லுக்கு. பனியில கால் உடைஞ்சா கீழே இறக்குற செலவு பெரும்பாலும் அதுல வராது. பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியிலயோ விலக்கு இன்னும் கடுமையா இருக்கலாம். தனியா ட்ரெக்கிங் கவர் எடுத்தா, எத்தனை மீட்டர் வரைக்கும், மீட்புச் செலவுக்கு எவ்வளவு லிமிட்னு கேளுங்க. கேதார்கந்தா சுமார் 3,800 மீட்டர். பாலிசியில 3,500 வரைக்கும்னு இருந்தா, உச்சி ஏறுற அன்னைக்கு அது வெறும் பேப்பர். பதிலை இமெயில்ல வாங்கி வச்சுக்கோங்க.

டெல்லி மூடுபனியில ஃப்ளைட் தள்ளிப்போறது அந்த சீசன்ல சகஜம். ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு முன்னாடி ஒரு நாள் இடைவெளி விடுங்க. மலைக்குள்ள யூபிஐயை நம்பாம கையில ரொக்கம் வச்சுக்கோங்க.

மொத்தம் 36,000 ரூபாய்னு வைங்க. ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் மாசம் 4,500 ஆர்டி போட்டா போதும். எட்டே மாசத்துக்கு ஈக்விட்டி ஃபண்ட் வேண்டவே வேண்டாம்.

ஏறும்போது தலைவலி, வாந்தின்னு ஆரம்பிச்சா லீடர்கிட்ட மறைக்காதீங்க. "காசு கட்டிட்டோமே"ன்னு நினைக்கிறதுல அர்த்தமே இல்ல. கட்டின பணம் ஏறினாலும் திரும்பாது, இறங்கினாலும் திரும்பாது. பனிப்பொழிவால கம்பெனியே ட்ரெக்கை ரத்து பண்ணினா பணம் திரும்புமா, வவுச்சர்தானா, வவுச்சர்னா எத்தனை மாசம் கெடுன்னு அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.