கணக்கு கிடக்கட்டும், விடுங்க!

மறதி நோய் வந்த பெரியவர் இருக்கும் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளைக் கவனித்திருக்கிறீர்களா? செருப்பைக் கழற்றியதும் முதல் கேள்வி... ''நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்?''

பாவம், பெரியவர் திருதிருவென்று முழிப்பார். உடனே அடுத்தது... ''காலையில என்ன டிபன்?'' டி.வி.யில் க்விஸ் நடத்துகிறவர்கூட இத்தனை கறார் கிடையாது. அவராவது 'பாஸ்' சொல்ல விடுவார்!

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரண மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு 'இது எதுக்கு?' என்று யோசித்தால் அது டிமென்ஷியாவாக இருக்கலாம். 1906-ல் ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் விவரித்த நோய்தான் இதில் அதிகம் காணப்படும் வகை. 2023-ல் வெளியான ஆய்வுக் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. உங்கள் செக்‌ஷனிலேயே ஒருவர் வீட்டில் இருக்கலாம். வெளியே சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

என்னைப் போல் பி.காம். படித்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். ஸ்டாக் கணக்கில் 'லாஸ்ட் இன், ஃபர்ஸ்ட் அவுட்' படித்தோமே... கடைசியாக வந்த சரக்கு முதலில் வெளியே! புது நினைவுகளைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியைத்தான் அல்ஸைமர் முதலில் தாக்குகிறது. அதனால் காலை இட்லி முதலில் போகும். அப்புறம் போன வருஷம் பிறந்த பேரன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மட்டும் கோடவுனின் அடியில் பத்திரமாக இருக்கும்.

என் பெரியப்பா திருச்சியில் ஒரு பாங்க்கில் காஷியராக இருந்து ரிடையர் ஆனவர். நாலு வருஷமாக இந்த நோய். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் படபடப்பு ஆரம்பித்துவிடும். (இவர்களில் பலருக்கும் சாயங்காலம்தான் சிரமமான நேரம்.) ''காஷ் டேலி ஆகலை. பாங்க்குக்குப் போகணும்'' என்று வாசல் கதவை இழுப்பார்.

அவர் மகன், என் அண்ணன், அக்கவுன்ட்ஸ் மேனேஜர். ஆதாரம் இல்லாமல் பேசமாட்டான். ''நீங்க ரிடையராகி இருபது வருஷமாச்சுப்பா. இந்தாங்க, பென்ஷன் புக்!'' பெரியப்பாவோ, ''என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டீங்களா?'' என்று அழ ஆரம்பித்துவிடுவார். ராத்திரி பூரா யாருக்கும் தூக்கமில்லை.

பெரியம்மா எட்டாம் வகுப்பு. அவர் வழியே வேறு. ''அப்படியா? எவ்வளவுங்க உதைக்குது?'' என்று பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய டைரியை நோட்டு அளவுக்கு நறுக்கி, ரப்பர் பாண்ட் போட்ட கட்டுகளைக் கொடுத்தார். பெரியப்பா விரலை நனைத்துக்கொண்டு எண்ணினார். என்ன வேகம்! விரல் எதையுமே மறக்கவில்லை. நாலு கட்டு முடிந்ததும், ''சரியா இருக்கு'' என்றார்.

''அப்ப சாப்பிடலாமா?''

''சாப்பிடலாமே!''

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. ''அப்பாவை ஏமாத்தறோமேம்மா...''

''அவர் சொல்றது தப்புன்னு நிரூபிச்சு உனக்கு என்னடா கிடைக்கப் போவுது? மனுஷன் பயந்து போயிருக்கார். பயம் போகணும். கணக்கு கிடக்கட்டும், விடு!''

பெரியம்மா சொன்னதற்கு ஆராய்ச்சியும் சாட்சி. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்ஸைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளையும், சந்தோஷமான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். பார்த்தது சீக்கிரமே மறந்துபோனது. ஆனால், சோகமும் சந்தோஷமும் அதற்குப் பிறகும் நீடித்தன. 2014-ல் வெளியான முடிவு இது. ஆக, நீங்கள் போட்ட சண்டை மறந்துபோகும். அதன் வலி அத்தனை சீக்கிரம் போகாது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நிம்மதியும் அப்படித்தான்.

சில விஷயங்கள் மனசில் இருக்கட்டும்:

★ முதலில் டாக்டர். தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு போன்றவையும் மறதியைத் தரும். இவற்றை மருந்தால் சரிசெய்யலாம். குழப்பம் திடீரென்று அதிகமானால் சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

★ பரீட்சை வேண்டாம். ''நான்தான் முரளி, உங்க தம்பி பையன்'' என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

★ ''பணத்தைத் திருடிட்டே'' என்று பழி வந்தால், பேசுவது நோய். சேர்ந்து தேடுங்கள்.

★ முதியோருக்கான இலவச உதவி எண் 14567. ஆலோசனை கேட்கலாம்.

இன்னொரு பேஷன்ட்டைச் சொல்ல மறக்கக் கூடாது. பார்த்துக்கொள்கிறவர்! பெரியம்மா மூன்று வருஷமாக ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. போன ஆடியில் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார். ராத்திரி ராத்திரியாகத் தூங்காத உடம்பு, பி.பி. மாத்திரையையும் மறந்திருந்தது. அதற்குப் பிறகுதான் சனி, ஞாயிறு ட்யூட்டியை அண்ணன் எடுத்துக்கொண்டான். இப்போது அவனே கட்டுகளை நீட்டி, ''சார், இதையும் கொஞ்சம் பார்த்துடுங்க'' என்கிறான். பெரியப்பாவுக்கு அவன் மகன் என்பது நினைவில்லை. ''பையன் நல்ல ஸ்டாஃப்'' என்று சர்டிஃபிகேட் மட்டும் கொடுத்திருக்கிறார். பெரியம்மா அந்த இரண்டு நாளும் மத்தியானம் தூங்குகிறார்.

இளைஞர்களே... சொத்தில் பாகம் என்றால் அண்ணன், தம்பி எல்லோரும் ஆஜராகிவிடுகிறோம். ராத்திரி ட்யூட்டியிலும் கொஞ்சம் பாகம் கேட்டு வாங்குங்களேன்!