பேய்ச் சித்திரமும் பிள்ளை மனமும்

பேயும் பூதமும் தோன்றும் சித்திரத் தொடர்களைச் சிறுவர் பார்க்கலாமா என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது. கூடத்தில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காலத்தில், பிள்ளை எதைப் பார்க்கின்றது என்பது வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருந்தது. இன்று கைத்தொலைபேசியை ஏந்தி ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளை எந்தப் பேயோடு உறவாடுகின்றது என்பதை யார் அறிவர்? 'பேய் வருகின்றதா, உடனே நிறுத்து' என்பர் ஒரு சாரார். 'வெறும் கார்ட்டூன்தானே, பார்க்கட்டும்' என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தொடரைப் பாராமலே தீர்ப்புக் கூறுகின்றனர் என்பது என் எண்ணம்.

அச்சம் பிள்ளைகளுக்கு ஆகாத நஞ்சன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அதனையும் ஒன்றாக வைத்து, அணங்கும் விலங்கும் கள்வரும் ஆள்வோரும் அது பிறக்கும் இடங்கள் என வகுத்துரைத்தார். நம் வீடுகளிலும் ஆச்சிமார் கொள்ளிவாய்ப் பேயின் கதையைச் சொல்லியே பேரப்பிள்ளைகளை உறங்க வைத்தனர். ஆயினும், ஆச்சியின் கதைக்கும் திரையின் கதைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. ஆச்சி பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதை சொல்லுவார். பிள்ளை மடியில் ஒடுங்கினால் பேயைச் சற்றுத் தொலைவிற்கு அனுப்புவார். சிரித்தால் இன்னும் கிட்ட அழைப்பார். திரைக்கோ கண் இல்லை. அந்தக் கண்ணாக இருக்க வேண்டியவர்கள் நாமே.

இவ்வகைத் தொடர்களுள் இரண்டினை எடுத்து நோக்குவோம். அமெரிக்காவில் 1969 செப்டெம்பர் 13 ஆம் நாள் சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய 'ஸ்கூபி டூ' முதலாவது. அக்காலத்துச் சிறுவர் சித்திரங்களில் அடிதடி மிகுந்துவிட்டது எனப் பெற்றோர் குறைகூறியபோது, அதற்கு மாற்றாக எழுந்த தொடர்களுள் இதுவும் ஒன்று. நான்கு இளைஞர்களும் ஒரு நாயும் பாழ்மனைகளிற் பேயைத் துரத்திச் செல்வர். இறுதியில் முகமூடி கழற்றப்படும். உள்ளே இருப்பவன் பெரும்பாலும் காணிக்கோ பொருளுக்கோ ஆசைப்பட்ட ஒரு மனிதனாகவே இருப்பான். பேய் என்றால் யாரோ செய்யும் சூழ்ச்சி. சான்று தேடினால் வெளிப்படும். தர்க்கம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதனை வெறுக்கார்.

மற்றையது, ஜோன் டில்வேர்த் என்பவர் படைத்து 1999 முதல் 2002 வரை வெளிவந்த 'கரேஜ் த கவர்ட்லி டோக்'. கரேஜ் என்றால் துணிவு. துணிவு என்னும் பெயர் தாங்கிய கோழை நாய் ஒன்றின் கதை இது. குட்டியாகக் கைவிடப்பட்ட அந்த நாயை மியூரியல் என்னும் மூதாட்டி எடுத்து வளர்க்கிறார். அவருடைய கணவர் யூஸ்டஸ் என்பவரோ கோர முகமூடி அணிந்து, அந்த நாயை அலறச் செய்து மகிழும் கிழவர். இங்கே பேய்களுக்கு முகமூடி இல்லை. அவை மெய்யாகவே வருகின்றன. கள்வர் கவர்ந்து வந்த எகிப்தியக் கற்பலகையை மீட்க ராம்சேஸ் மன்னனின் ஆவி வரும் கதையைப் பாருங்கள். பலகையைத் திருப்பிக் கொடு என்று ஆவி கேட்கிறது. விலைமதிப்பை அறிந்த யூஸ்டஸ் மறுக்கிறார். வெள்ளம், ஓயாத பாட்டு, வெட்டுக்கிளி என்று வீட்டின்மேல் துன்பங்கள் அடுத்தடுத்து வருகின்றன. பேராசையைக் கண்டிக்கும் இக்கதையிற் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் ஏனைய உருவங்கள் தட்டையாக வரையப்பட்டிருக்க, அந்த ஆவியை மட்டும் கணினியால் வேறு விதமாக ஆக்கி, இருளில் ஆடவிட்டிருக்கின்றனர். கதையைத் தாங்கக்கூடிய பிள்ளையும் அந்த உருவத்தைத் தாங்காமற் போகலாம்.

இவ்விடத்தில் வயது முக்கியமாகின்றது. அமெரிக்கப் பேராசிரியை ஜோஆன் கான்ரர் இத்துறையிற் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அமைதியான மனிதன் ஒருவன் பச்சை நிறப் பூதமாக மாறும் 'ஹல்க்' தொடரின் ஒரு பகுதியைச் சிறுவர்க்குக் காட்டியபோது, பாலர் வகுப்புப் பிள்ளைகள் அவன் உருமாறும் கட்டத்திலேயே மிக அஞ்சினர். அவன் நன்மை செய்பவன் என்பது அவர்களுக்குப் பொருட்டாகவில்லை. சிறு பிள்ளை கண்ணால் அஞ்சுகிறது. வளர்ந்த பிள்ளை, 'இது எனக்கும் நேருமோ?' என்று எண்ணத்தால் அஞ்சுகிறது. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையிடம் 'அது பொய்' என்று விளக்குவது பெரும்பாலும் வீண். அணைத்துக்கொள்வதும், ஒரு மிடறு பால் கொடுப்பதுமே அப்பிள்ளைக்கு மருந்து. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1997 முதல் வழங்கும் வயதுக் குறிகளின்படி, கரேஜ் தொடர் ஏழு வயதிற்கு மேற்பட்டோர்க்குரியது. அக்குறி ஒரு வழிகாட்டியே. எட்டு வயதில் நடுங்கும் பிள்ளையும் உண்டு, ஆறு வயதிற் சிரிக்கும் பிள்ளையும் உண்டு.

எனவே பெற்றோர் முதலில் ஒரு கதையையேனும் முழுமையாகத் தாமே பார்த்தல் வேண்டும். பேய் வருகின்றதா என்று நோக்குவதிலும், வந்த பேய் எப்படிப் போகின்றது என்று நோக்குவதே பயன் தரும். கதை முடிவில் வீடு வீடாகின்றதா? அஞ்சியவனுக்குத் துணை யார்? அவன் அச்சம் எள்ளி நகையாடப்படுகின்றதா? கரேஜ் நடுங்கிக்கொண்டே மியூரியலைக் காப்பாற்ற ஓடுகிறது. அஞ்சியவனும் செயலாற்றலாம் என்பதைப் பிள்ளை அங்கே காண்கின்றது. இதனாலேயே, முகமூடி கழலும் தொடரை விட முகமூடியில்லாத இத்தொடரை நான் ஒரு படி மேலாக மதிக்கின்றேன். பலர் இதற்கு உடன்படார் என்பதையும் அறிவேன்.

பிள்ளையோடு பார்க்கும்போது வேறு சில கவனங்களும் வேண்டும். பாதி அச்சம் காதின் வழியாகவே வருகின்றது. ஓசையைக் குறைத்துப் பாருங்கள், பேய் பாதியாக இளைத்துவிடும். பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டால் 'இவ்வளவுக்கும் பயமா?' என்று கேட்கலாகாது. அது யூஸ்டஸ் கிழவரின் வேலை. அச்சம் உச்சியில் நிற்கும்போது திரையை அணைத்துவிட்டுப் படுக்கைக்கு அனுப்புவதும் தகாது. முடியாத கதையைப் பிள்ளை இருட்டிலே தானே முடித்துக்கொள்ளும், அந்த முடிவு திரையிலுள்ளதிலும் கொடியதாயிருக்கும். பார்க்க முடியாது என்று பிள்ளையே கூறினாலோ, உடனே நிறுத்தி, கதையின் முடிவை வாயாற் சொல்லிவிடுங்கள். சற்று வளர்ந்த பிள்ளையாயின், மறுநாட் காலையிற் கடதாசியும் வண்ணப் பென்சிலும் கொடுத்து அப்பேயை வரையச் சொல்லலாம். அதற்கு ஒரு மீசையும் மூக்குக்கண்ணாடியும் வைக்கலாமா என்று கேட்டும் பாருங்கள்.