நினைவகத்தில் காலியிடங்கள்

கணிப்பொறியின் நினைவகம் நீண்டதொரு தெருவைப் போன்றது. ஒவ்வொரு பைட்டும் ஒரு வீடு. 0, 1, 2 என்று ஒவ்வொன்றுக்கும் கதவிலக்கம் உண்டு. ஓர் எழுத்துக்கு ஒரு வீடு போதும். முழு எண்ணுக்கோ பெரும்பாலும் 4 வீடுகள் வேண்டும். அது எங்கு வேண்டுமானாலும் குடியேறிவிட முடியாது. 4ஆல் வகுபடும் இலக்கத்தில்தான் தொடங்க வேண்டும். ஏனெனில் செயலி நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாகப் படிப்பதில்லை. பல பைட்டுகளைச் சேர்த்தே அள்ளுகிறது. எண் இரண்டு அள்ளல்களுக்கு நடுவே கிடந்தால் இருமுறை அள்ளி ஒட்ட நேரிடும். இன்டெல் செயலிகள் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றன. 1979இல் வந்த மோட்டோரோலா 68000 பொறுக்காது. ஒற்றைப்படை முகவரியில் 2 பைட் எண்ணைக் கேட்டால், பிழை என்று அறிவித்து வேலையை நிறுத்திவிடும்!

சி மொழியில் ஒரு மாணவியின் பதிவேட்டை எழுதுவோம். முதலில் வகுப்புப் பிரிவு, ஓர் எழுத்து. அடுத்து மதிப்பெண், ஒரு முழு எண். பிறகு தரம், மீண்டும் ஓர் எழுத்து. 1, 4, 1 ஆக மொத்தம் 6 பைட் என்றுதான் நாம் கூட்டுவோம். கம்பைலரோ 12 என்கிறது. பிரிவுக்குப் பின் 3 பைட்டும், தரத்துக்குப் பின் 3 பைட்டும் அது காலியாக விடுகிறது. கடைசியில் எதற்குக் காலியிடம்? ஒட்டி வரும் அடுத்த மாணவியின் மதிப்பெண்ணும் சரியான இலக்கத்தில் விழ வேண்டுமே! மதிப்பெண்ணை முதலில் எழுதியிருந்தால் 8 பைட்டில் முடிந்திருக்கும். 1,000 மாணவியருக்கு 4,000 பைட் மிச்சம். கம்பைலர் தானே வரிசையை மாற்றிக்கொள்ள சி மொழியின் விதி இடம் தருவதில்லை. ஆகவே பிறர் எழுதிய நிரலைச் சரிபார்ப்பவர்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

சில வேளைகளில் நாமே இடம் விட வேண்டியும் வரும். ஈதர்நெட் வழியாக வரும் செய்தியின் தலைப்பகுதி 14 பைட். அதனை அடுத்து வரும் ஐ.பி. தலைப்பகுதி 4ஆல் வகுபடாத இடத்தில் விழுகிறது. லினக்ஸில் இதற்காகவே முன்னால் 2 பைட் விட்டு, அதை 16இல் அமர்த்தும் வழக்கம் உண்டு. அழகான தந்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இடம் வீணாவது சிறிய குறை. காலி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி. காலி என்றால் 0 என்று பொருளல்ல. முன்பு அங்கே இருந்தது அப்படியே கிடக்கும். இயக்க அமைப்பின் கருப்பகுதி ஒரு பதிவேட்டை முழுதாகப் படியெடுத்துச் சாதாரண நிரலுக்குக் கொடுக்கும்போது, அந்த எச்சமும் உடன் போய்விடும். அது யாரோ ஒருவருடைய கடவுச்சொல்லின் துண்டாகவும் இருக்கலாம். லினக்ஸில் இவ்வகைக் கசிவுகள் பலமுறை கண்டுபிடித்துத் திருத்தப்பட்டுள்ளன.

பதிவேட்டில் எத்தனை பைட் ஓட்டை, எந்த இடத்தில் என்று காட்ட அர்னால்டோ கார்வாலோ த மெலோ எழுதிய பாஹோல் என்ற கருவி இருக்கிறது. ஓட்டை தெரிந்தபின், பதிவேட்டின் 12 பைட்டையும் முதலில் 0 ஆக்கி, அதன் பிறகே பிரிவையும் மதிப்பெண்ணையும் தரத்தையும் நிரப்ப வேண்டும். மூன்றுக்கும் தனித்தனியே 0 இட்டால், காலியாக உள்ள 6 பைட்டும் துடைக்கப்படாமலே நின்றுவிடலாம்.